நான் கடையை மூடவில்லை!

"அக்கா, நீங்க சுங்குடி போடுறதையே நிறுத்திட்டீங்கன்னு நெனச்சு வேற எடத்துல வாங்கிட்டேன். ஒரு தண்ணியிலயே சாயம் போகுது. என்னக்கா செய்ய?"

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது இந்தச் செய்தி. கூடவே ஒரு படம். நான் விற்பது சுங்குடி, அதாவது துணியில் கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கிற பருத்திச் சேலை. பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே இடைவெளி. அச்சு! முடிச்சு என்ற ஒன்றையே பார்க்காத துணி. அதை 'மதுரை கைமுடிச்சுச் சுங்குடி' என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் விற்றிருக்கிறார்கள்.

நான் நிறுத்திவிட்டேனாம். இந்த வருடம் முழுக்கச் சமூக ஊடகத்தில் பதிவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிளிப்பச்சை, அரக்கு, மஞ்சளில் சிவப்புக் கரை என்று ஒவ்வொரு சேலையையும் மாடியில் விரித்து, வெயில் சாய்வதற்குள் படம் எடுத்து, விலை எழுதி, நீளம் எழுதி, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பதுவரை எழுதிப் போடுகிறேன். இந்தப் பெண் என் பக்கத்தைப் பின்தொடர்கிறவர். புதுப் பதிவு வந்தால் தெரிவிக்கச் சொல்லும் மணி பொத்தானையும் அழுத்தி வைத்திருக்கிறார். "எனக்கு ஒண்ணுமே வரலையேக்கா" என்கிறார். என் பதிவு போகவில்லை, அந்த அச்சுச் சேலையின் விளம்பரம் மட்டும் அவர் கைப்பேசியில் தினமும் போய் நின்றிருக்கிறது. என் வாடிக்கையாளர், நான் வருடக்கணக்கில் பேசிப் பழகிச் சேர்த்த வாடிக்கையாளர்! அவரை என்னிடமிருந்து மறைத்து வைத்துக்கொண்டு, அவரிடம் பேச வேண்டுமென்றால் காசு வை என்று தளக்காரர்கள் என்னிடமே கேட்கிறார்கள். இதற்குப் பெயர் சந்தைப்படுத்தலா? வழிப்பறி.

சிறு வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தாருடைய பதிவுகளுக்குத்தான் இனி முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறையும் என்று ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது. மற்ற தளங்களும் அதே பாதையில்தான் போகின்றன. 'இலவசமாகக் கடை போடுங்கள்' என்று கூப்பிட்டார்கள். நாமும் அட்டை அடிப்பதை விட்டோம், கண்காட்சிக்குப் போவதைக் குறைத்தோம், தெரிந்தவர்களையெல்லாம் 'ஃபாலோ பண்ணுங்க' என்று கெஞ்சி உள்ளே கொண்டுவந்து சேர்த்தோம். சேர்த்து முடித்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வாடகை கேட்கிறார்கள்.

சரி, வாடகையையாவது கொடுத்துப் பார்ப்போம் என்று ஆடி மாதம் ஒரு பதிவை 'பூஸ்ட்' பண்ணினேன், அதாவது காசு கட்டி விளம்பரமாகக் காட்டச் சொன்னேன். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. ஊதா நிறச் சேலை, மல்லிமொக்குப் புள்ளி, பக்கத்தில் முடிச்சுப் போடுகிற ஒரு அம்மாவின் விரல்கள் மட்டும். அவ்வளவுதான் படம். பெண்கள், தமிழ்நாடு, பருத்திச் சேலையில் விருப்பம் உள்ளவர்கள் என்று தேர்வு செய்தேன். 2,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பணம் உடனே போனது. அதில் மட்டும் ஒரு நொடி தாமதம் கிடையாது. பதிவு மட்டும் 'பரிசீலனையில்' என்று நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் ராத்திரி வருகிறது பதில்: நிராகரிக்கப்பட்டது. காரணம், அனுமதிக்கப்படாத பொருள்!

எது அனுமதிக்கப்படாத பொருள்? பருத்திச் சேலையா? அந்த அம்மாவின் விரல்களா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. உதவி என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நான்கு கேள்வி. நான்கில் எதுவும் என் கேள்வி இல்லை. எதையாவது அழுத்தினால் ஒரு கட்டுரை திறக்கிறது. கட்டுரையின் கடைசியில் 'இது உதவியாக இருந்ததா?' இல்லை என்று அழுத்தினால் நன்றி சொல்லிவிட்டு முதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். அதற்கு என் அடையாள அட்டை வேண்டுமாம். கொடுத்தேன். முகம் தெரிகிற காணொளி வேண்டுமாம். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். சேலை விற்க நினைத்த ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி மாதிரி முகத்தைக் காட்டினேன். ஆடித் தள்ளுபடியெல்லாம் முடிந்து, ஊரே அடுத்த வேலையைப் பார்க்கப் போன பிறகு 'உங்கள் விளம்பரம் ஏற்கப்பட்டது' என்று வருகிறது. ஏன் நிராகரித்தார்கள், ஏன் ஏற்றார்கள், இரண்டுக்கும் விளக்கம் கிடையாது.

ஏற்ற பிறகு வந்தவர்கள் யார்? ஒருவர் 'ஹாய்'. இன்னொருவர் 'ஹாய் டியர்'. ஒருவர் ரோஜாப்பூ. உங்கள் பக்கம் விதிகளை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று ஒரு திருட்டுச் செய்தி. உங்கள் பக்கத்தை வளர்த்துத் தருகிறேன் மேடம் என்று கூட்டமாக ஆட்கள். அப்புறம் 'ப்ரைஸ்?' முதல் வரியிலேயே விலை இருக்கிறது! படத்தின் மேலேயும் இருக்கிறது! அதன் கீழேயே 'பிரைஸ் ப்ளீஸ்'. பதில் சொன்னால் அடுத்தது 'லாஸ்ட் ப்ரைஸ்?'

ஒரு பெண் மட்டும் உண்மையாகவே வாங்குவது போலப் பேசினார். வெயிலில் காட்டச் சொன்னார், காட்டினேன். நிழலில் காட்டச் சொன்னார். தங்கைக்கு அரக்கு வேண்டும் என்றார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறார். 399 ரூபாய் அச்சுச் சேலை. "ரெண்டும் ஒரே மாதிரிதானக்கா இருக்கு, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க?"

ஒரே மாதிரியா? இந்தத் துணியில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு பெண் நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கியிருக்கிறார். ஒரு சேலையில் அப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு, நாள்கணக்கில் வேலை. அதைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று அவிழும். உள்ளே சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதன் நடுவில் குத்தியதுபோல் ஒரு துளி நிறம். கையை வைத்துத் தடவினால் புள்ளிக்குப் புள்ளி மேடு தட்டுப்படும். நாயக்கர் காலத்திலிருந்து மதுரைச் சௌராஷ்டிரர்கள் கைவிடாமல் காப்பாற்றிய தொழில் இது. இந்தப் பெயர் இந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே என்கிற புவிசார் குறியீட்டை 2005இல் வாங்கிய தொழில். இன்றைக்கு முடிச்சுப் போடத் தெரிந்த பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கூலி கட்டுபடியாகவில்லை. நான் விலையில் ஐம்பது ரூபாய் குறைத்தால் அது அந்த விரல்களிலிருந்துதான் குறையும்.

இதையெல்லாம் அவருக்கு எழுதினேன். "ஓ சூப்பர்க்கா" என்றார். அத்தோடு சரி.

அந்த 399 ரூபாய் விளம்பரத்தில் 'கைமுடிச்சு', 'ஒரிஜினல் மதுரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போலியாகப் புவிசார் குறியீடு போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் பொத்தானை அழுத்தினேன். 'எங்கள் விதிகளை இது மீறவில்லை' என்று சில நிமிடத்தில் பதில். என் பருத்திச் சேலை விதியை மீறியது, இது மீறவில்லை! அவர்கள் பார்ப்பது பொருளையா, வருகிற பணத்தையா? சமூக ஊடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூருக்கும் ஷார்ஜாவுக்கும் என் சேலை போனது இதனால்தான். நான் கேட்பது இரண்டே விஷயம். என் பதிவு வேண்டும் என்று தானாகக் கேட்டவருக்கு அதைக் காட்டு. பொய் சொல்லி விற்பவனிடம் காசு வாங்காதே.

இதற்குத் தீர்வு என்று வீட்டில், தெருவில், கல்யாண மண்டபத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "ரீல் போடுங்கக்கா!" ரீல் என்றால் சில விநாடி ஓடுகிற குட்டிக் காணொளி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே இங்கே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊறுகாய் விற்பவரும் ஆடணும், பாத்திரம் விற்பவரும் ஆடணும். முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடித்து நிறுத்தணுமாம். நாள்கணக்கில் கட்டிய முடிச்சை எந்த மூன்று விநாடியில் காட்ட? பாட்டாவது போடலாம் என்றால் வியாபாரக் கணக்குக்குச் சினிமாப் பாட்டு கிடையாது, யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்க வேண்டாத ஏதோ டிங்டாங் சத்தம்தான். முடிச்சு அவிழ்கிற சத்தத்தையே வைத்து ஒரு காணொளி போட்டேன். அதைவிட அழகான சத்தம் இந்தத் தொழிலில் இல்லை. பார்த்தவர்கள் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும்.

சாயம் போன சேலைக்காரப் பெண்ணுக்கு, கல்லுப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்துப் பாரம்மா என்று பதில் அனுப்பியிருக்கிறேன். அச்சுச் சாயத்துக்கு அது நிற்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் என்னை நம்பிக் கேட்டிருக்கிறாள், எப்படிச் சொல்லாமல் இருப்பது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூரியரிலிருந்து குறுஞ்செய்தி. திருச்சிக்கு அனுப்பிய பார்சல் 'வீடு பூட்டியிருந்ததால்' திரும்புகிறதாம். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால் காலையிலிருந்து திண்ணையிலேயேதான் உட்கார்ந்திருக்கிறாராம், ஒரு ஆளும் வரவில்லையாம். இவர்களை என்ன செய்வது? திரும்பி வருகிற பார்சலுக்கும் காசு நான்தான் கட்டணும்!