திருப்பி அனுப்புவதும் செலவுதான்
பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம், ஆகவே ஆன்லைனில் வாங்குவதில் நஷ்டமே இல்லை என்று ஆன்லைனா கடையா என்ற இந்தக் கட்டுரையில் இருக்கிறதே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போன வருடம் ஒரு ஷூ ஆர்டர் செய்தேன். பிரிட்டிஷ் அளவில் 8 என்பது அமெரிக்க ஆண்கள் அளவில் ஏறக்குறைய 9, ஐரோப்பிய அளவில் 42. அந்தப் பக்கத்திலோ எந்த நாட்டு அளவு என்றே போடவில்லை. வழக்கம்போல பிரிட்டிஷ் அளவு என்று நினைத்து 8 போட்டேன், வந்தது அமெரிக்க 8, காலுக்குச் சிறியது. மாற்றி வாங்கியதில் நீளம் சரியானது, ஆனால் விரல் பக்கம் அகலம் பத்தாமல் கடித்தது. இரண்டு முறை பேக் செய்து, கூரியர்காரருக்காக வீட்டிலேயே காத்திருந்து, பணம் திரும்பி வர மேலும் சில நாட்கள். கடைக்குப் போயிருந்தால் பத்து நிமிட வேலை, அதுவும் மாலையில் போவது நல்லது, பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். குழாய் வாஷர், கதவுக் கீல் போன்றவையும் இப்படித்தான். பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதற்கு ஈடில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் கடையில் எப்போதும் விலை அதிகம் என்கிறார். சரி, மாடல் எண் தெரிந்த பொருள் என்றால் நானும் ஆன்லைனில்தான் விலை பார்ப்பேன். ஆனால் டெலிவரி கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். மாடல் எண்ணில் கடைசி எழுத்து மாறினாலும் அது வேறு பொருளாக இருக்கலாம். அப்புறம், கடையில் நான்கு ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து போனில் ஆர்டர் செய்பவர்களும் உண்டு, எனக்கு அதற்கு மட்டும் மனசு வரவில்லை.