நின்றது புதுப்பிப்புதான், கணினி அன்று

விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய கணினிகள் இனி இயங்கா என்றும், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறினால் தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2025 அக்டோபர் 14-உடன் நின்றவை வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளே. கணினி முன்போலவே இயங்கும், ஆனால் வங்கிக் கணக்கைக் கையாள அதையே நம்பியிருப்பது நல்லதன்று. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியிலும், வன்தட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்டை ஓட்டிப் பார்க்கலாம். அதில் ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக்கொண்டால், 'அம்மா' என்று எழுத மகர விசையை இருமுறை தட்டும்போது புள்ளி தானாகவே விழுவதைக் காணலாம். லினக்ஸில் நேரடியாக இயங்காத டாலிக் கணக்கு மென்பொருளோ ஃபோட்டோஷாப்போ அன்றாடம் தேவைப்படுவோருக்கு மட்டும் லினக்ஸை நான் பரிந்துரைக்கமாட்டேன்.