கிளாஸ் எடுக்க நான் வேண்டுமாம், ஒர்க் பர்மிட் மட்டும் கிடையாதாம்

சீனாவின் சான்யாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு விளம்பரம் எழுதுகிற புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வீசாட்டில் (இங்கே எல்லோரும் பயன்படுத்தும் மெசேஜ் ஆப்) தினமும் வந்து விழுகிறது. ஒரு தென்னை மரம், பின்னால் நீலக் கடல், கீழே 'கடற்கரையில் வாழ்ந்துகொண்டே சம்பாதியுங்கள்'. சம்பளம் 15,000 யுவானில் தொடங்கும், தங்குமிடம் இலவசம், வாரம் இரண்டு நாள் விடுமுறை. கடைசியில் பொடி எழுத்தில் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்', அதாவது இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும். சிலவற்றில் அதற்கும் கீழே இன்னொரு வரி இருக்கும். அதைப் படித்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்: 'மற்ற நாட்டவரும் தொடர்புகொள்ளலாம், தனியாகப் பேசிக்கொள்வோம்'.

தனியாக என்ன பேசுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கடல். ஹைனான் தீவின் தென்கோடியில் இருக்கிறது சான்யா. வடக்கே பனி கொட்டும்போது சீனாக்காரர்கள் ஓடிவருகிற ஊர். ரிசார்ட்டுகள் வரிசைகட்டி நிற்பது யாலோங் விரிகுடாவிலும் ஹைதாங் விரிகுடாவிலும். யாலோங் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தங்குகிறவர்கள் நாலு நாள் இருந்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். நாலு நாளில் எந்தக் குழந்தை இங்கிலீஷ் படிக்கும்? படிக்கிற பிள்ளைகள் நகரத்துக்குள், ஜியாங், தியான்யா பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். டியூஷன் சென்டரும் கிண்டர்கார்டனும் அங்கேதான். விளம்பரத்துத் தென்னை மரத்தை நம்பி வந்தவர் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசியின் முதுகு தெரியும். ஓட்டல்களிலும் வேலை இல்லாமல் இல்லை. ரிசெப்ஷன் ஆட்களுக்கு இங்கிலீஷ் பழக்க, விருந்தினர் பிள்ளைகளோடு பாட்டுப் பாடி ஆட, ஆள் தேடுவார்கள். அது சீசனோடு சரி.

என் நிலைமை இது. கணவர் இங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் இருக்கிறார். தந்தூர், கறி எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு ஒர்க் பர்மிட் உண்டு. எனக்கு அவரோடு தங்குவதற்கான எஸ்1 விசா. தங்கலாம், சமைக்கலாம், மாலையில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட்., திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வரைக்கும் எடுத்த அனுபவம், இங்கே வருவதற்கென்றே முடித்த 120 மணி நேர டெஃபல் (பிற மொழிக்காரர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி). எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது? மொழி ஆசிரியராக வரும் வெளிநாட்டவர் பொதுவாகத் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும். பட்டமும் இரண்டு வருட அனுபவமும் வேண்டும், கல்வியியல் பட்டமோ டெஃபல் மாதிரிச் சான்றிதழோ இருந்தால் அனுபவம்கூடத் தேவையில்லை. சரி, யாருக்கு எது தாய்மொழி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்து! அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. நடைமுறையில் இந்த ஏழுதான் கணக்கு. கியூபெக்கில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர் தேறிவிடுவார். தென்னாப்பிரிக்காவில் அதிகம் பேர் வீட்டில் பேசுவது ஜுலு, அவர்களும் தேறிவிடுவார்கள். தேறட்டும், அவர்கள் மேல் எனக்கென்ன கோபம்?

என் தாய்மொழி தமிழ்தான், அதை மறைக்கவும் மாட்டேன். தன் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுக்கலாம் என்று விதி போட ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. முடியாது என்றால் முடியாது, மீன் குழம்பு வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஆனால் விதியைக் காட்டிப் பர்மிட் தர மறுக்கிற அதே ஆள், அதே மூச்சில், "நாளையிலிருந்து கிளாஸுக்கு வந்துவிடுகிறீர்களா?" என்று கேட்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு டியூஷன் சென்டரில் டெமோ கிளாஸ் எடுத்தேன். (டெமோவுக்குக் காசு கிடையாது, அது எழுதாத சட்டம்.) ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். பின்வரிசையில் அம்மாக்களும் பாட்டிகளும் போனில் வீடியோ எடுத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புயல் தெரியாதா? அதையே பாடமாக்கினேன். காற்று வருகிறது, ஜன்னலைச் சாத்து, மெழுகுவர்த்தி எங்கே என்று ஆளாளுக்கு வாக்கியம் சொல்ல வைத்தேன். ஒரு பொடியன் மேசைக்கடியில் புகுந்துகொண்டு 'கதவைச் சாத்து' என்று இங்கிலீஷில் கத்தியதில் பாட்டிகளே சிரித்துவிட்டார்கள். முடிந்ததும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். என் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே இந்தியா என்று இருக்கிறது. இருந்தும் புதிதாகக் கேட்பவர்போல, பாஸ்போர்ட் எந்த நாடு என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெற்றோர் கேட்டால் தென்னாப்பிரிக்கா என்று சொல்லிவிட முடியுமா என்றார். டர்பனில் நிறைய இந்தியர்கள் இருக்கிறார்களாமே, யாரும் சந்தேகப்பட மாட்டார்களாம்! டர்பனில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருப்பது எனக்கும் தெரியும். அதற்காக அவர்கள் நாட்டை நான் எதற்குக் கடன் வாங்க வேண்டும்? பர்மிட் பற்றிக் கேட்டேன். சிரித்தார். சம்பளம் 8,000 யுவான், மாதா மாதம் ரொக்கமாகக் கையில் என்றார்.

அதே சென்டரின் சுவரொட்டியில் பொன்னிறத் தலைமுடியோடு ஒரு பையன் சிரிக்கிறான். ரஷ்ய மொழி பேசுகிறவன். படியிறங்கும்போது அவனிடம் பேசினேன். அவன் பேசும் இங்கிலீஷை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தியிருப்பார்கள். அவனுக்கு 14,000. 2018 மே மாதத்தில், 59 நாட்டவர் விசா இல்லாமல் ஹைனானுக்கு வந்து 30 நாள் இருக்கலாம் என்று ஒரு சலுகை வந்தது. பட்டியலில் ரஷ்யா உண்டு, இந்தியா இல்லை. ஆனால் அந்தச் சலுகை வேலை பார்க்க இல்லை. ஆக, அவனும் பர்மிட் இல்லாதவன்தான், அவனே சொன்னான். என்ன, அவன் முகத்துக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பாவம், வெகுளி. போலீஸ் வந்தால் மாடிப்படி வழியாகப் போகச் சொல்லியிருக்கிறார்களாம்.

போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், ஏஜென்ட்டுகள் சொல்ல மாட்டார்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அனுமதி இல்லாமல் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதென்றால் கூடவே 5 முதல் 15 நாள் காவல். நாட்டைவிட்டும் அனுப்பலாம். வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 யுவான் அபராதம், எத்தனை பேர் பிடிபட்டாலும் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டாது, சம்பாதித்த பணத்தையும் பிடுங்குவார்கள். அதைக் கட்டிவிட்டு அவர் ஊரிலேயே இருப்பார். பெட்டி கட்ட வேண்டியது நான். என்னால் கணவரின் வேலையும் ஆட்டம் காணுமோ என்று பயந்து சாக வேண்டியதும் நான். இதற்குச் சம்பளம் பாதி!

முன்பு இவ்வளவு மோசம் இல்லை என்கிறார்கள் பழைய ஆட்கள். 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தக் கூடாது, வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தவே கூடாது என்று அரசு ஒரே போடாகப் போட்டது. நியூ ஓரியன்டல் மாதிரிப் பெரிய டியூஷன் நிறுவனமே அந்த வருடத்தில் 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் சொன்னார். வெளிநாட்டில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று. மிஞ்சிய சென்டர்களில் பல ஓவியம், நாடகம் என்று போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே இங்கிலீஷ் நடத்துகின்றன. கிண்டர்கார்டன் பக்கம் போகலாமென்றால் பிள்ளைகளே குறைந்துகொண்டு வருகிறார்கள். சீனாவில் 2016இல் பிறந்தவர்கள் ஒரு கோடியே 78 லட்சத்துக்கு மேல், 2023இல் சுமார் 90 லட்சம். சான்யாவில் குளிர்காலத்தில் கூட்டம் கூடுவது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங், ஜிலின் பக்கத்திலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ஓய்வுபெற்றவர்கள். அந்தத் தாத்தாக்களுக்கு நான் ஏபிசிடி சொல்லிக் கொடுக்க முடியுமா?

இத்தனைக்கும் காகிதம் எல்லாம் தயார். டிகிரிக்குச் சென்னையில் சான்றொப்பம், டெல்லியில் வெளியுறவு அமைச்சக முத்திரை, போலீஸ் சான்றிதழ். ஒரே முத்திரை போதும், தூதரகம் போக வேண்டாம் என்கிற அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2023 நவம்பரில் சீனாவும் சேர்ந்தது, ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் அது செல்லாது, தூதரக முத்திரையும் வேண்டும்.  அரசுக் கட்டணத்தைவிட நடுவில் இருப்பவர்கள் பிடுங்கியதுதான் அதிகம், அது தனிக் கதை. காசைக் கொட்டி வாங்கிய அந்த முத்திரைகளை இங்கே ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை. டெமோ வீடியோவைத்தான் கேட்கிறார்கள், அப்புறம் போட்டோவை. சற்று வெளிச்சத்தில் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டவரும் உண்டு.

இப்போது யார் வீசாட்டில் வந்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக நானே முதலில் கேட்டுவிடுகிறேன்: ஒர்க் பர்மிட் எடுத்துத் தருவீர்களா? பாதிப் பேர் அதோடு காணாமல் போகிறார்கள். போன வாரம் ஓர் ஏஜென்ட் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், சீசன் தொடங்கிவிட்டது, திங்கட்கிழமை ஒரு டெமோ மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார். டெமோவுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை, தென்னை மரம் போட்ட இன்னொரு விளம்பரம்தான் வந்தது. பிளாக் பண்ணிவிட்டேன்.