மழை பெய்யலைன்னு நாங்க யாரும் அரசாங்கத்தைத் திட்டல சார்

அந்த விவாத வீடியோவை ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல தள்ளிட்டு இருக்கீங்க, பாத்துட்டேன், போதும். கோட்டு போட்ட அந்தப் பெரிய மனுசன் பேசுனது கூட எனக்குப் பெருசாத் தெரியல, அவரு பொழப்பு அது. "வறண்ட மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு சோறு போடு சோறு போடுன்னா அரசு எத்தனை வருசம் போடும், வேற எடம் பாத்துப் போக வேண்டியதுதானே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அதை என்கூடப் படிச்சவன், இதே ராமநாதபுரத்துக் கடக்கரையில பொறந்து வளந்தவன், கைதட்டுற பொம்மையெல்லாம் வச்சு ஷேர் பண்ணிருக்கான் பாருங்க, அங்கதான் எரியுது. அவன் அம்மா இன்னைக்கும் ரேஷன் கடையில எங்கம்மாவுக்குப் பின்னாடிதான் நிக்குது.

ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். மழை பெய்யாதது யார் தப்பும் இல்ல. மழை பெய்யாத வருசத்துல ஒரு வீட்ல அடுப்பு எரியலைன்னா அது அரசாங்கத்தோட தப்பு. வறட்சி வேற, பசி வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டு "வானம் பாத்த பூமி, அப்படித்தான் இருக்கும்"னு கையைக் கழுவாதீங்க.

2016 ஞாபகம் இருக்கா? வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் கொறஞ்ச வருசம். எங்கப்பா எப்பவும் போல புழுதியில நெல்லை வெதச்சாரு, மொத மழைக்கு மொளச்சுது, அதுக்கப்புறம் வானம் எட்டிக் கூடப் பாக்கல, கார்த்திகையில பயிரு சருகாக் கெடக்குது. மிளகாயும் போச்சு. அப்போ எங்க ஊர் கடையில அரிசி இல்லாமயா இருந்துச்சு? மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருந்தாங்க. வாங்கக் காசுதான் இல்ல. அப்பா ஆடுகளை ஓட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போறாரு, போனா ஊர்ப்பட்ட ஆடும் அங்க நிக்குது. எல்லார் வீட்லயும் ஒரே நேரத்துல வித்தா என்ன ஆகும், வியாபாரி சொன்னதுதான் விலை. நல்ல வருசத்துல குடுத்ததுல பாதி கூடக் குடுக்கல, வேண்டாம்னு ஓட்டிட்டு வரலாம்னா வீட்ல தீவனம் இல்ல, தண்ணியும் இல்ல. அம்மா கருவ வெட்டி கரிமூட்டத்துக்குப் போச்சு, நூறு நாள் வேலைக்கும் போச்சு, அந்தக் கூலி மாசக்கணக்குல அக்கவுண்ட்டுக்கு வரல. பசி இப்படித்தான் சார் வரும். வானத்துலருந்து தொப்புனு விழாது.

2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. நன்றி. பயிரு கருகி மாட்டுக்குப் போட்டு, மாட்டையும் வித்து முடிச்சப்புறம் அறிவிச்சாங்க. நெல்லுக்கும் மத்த இறவைப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூவா, நெல்லு இல்லாத மானாவாரிப் பயிருக்கு 3,000. அதாவது மழைய மட்டுமே நம்பி இருக்கறவனுக்கு மழை பொய்ச்சா கம்மி! 2022-ல மத்திய அரசு போட்ட பேரிடர் நிதி விதியிலயும் இதே கதைதான், மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000. ஏக்கருக்குப் பிரிச்சுப் பாருங்க, மூணாயிரத்து நானூறு சொச்சம் வரும். உழவு கூலிக்கே காணாது.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?" ஆமா இருக்கு. பயிர் காப்பீட்டுல ஒரு கணக்கு உண்டு, எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. கடைசி 7 வருசத்துல நல்லா வெளஞ்ச 5 வருசத்து சராசரிய எடுத்து, அதுல ஒரு பங்கைக் கழிச்சு, அதுக்குக் கீழ வெளஞ்சாத்தான் நட்டம். தஞ்சாவூருக்கு இந்தக் கணக்கு சரிப்படும். ஏழுல மூணு நாலு வருசம் கருகுற ஊர்ல, அந்த "நல்ல அஞ்சு"லயே கருகுன வருசமும் வந்து உக்காந்துக்கும். எவ்வளவு அதிகமா வறட்சி வருதோ அவ்வளவு கம்மியா நட்டஈடு. இதை உக்காந்து யோசிச்சவர் பெரிய மூளைக்காரர்தான்.

சரி, "எடம் மாறுங்க"ங்கற விசயத்துக்கு வருவோம். அய்யா, ராமநாதபுரத்துக்காரங்க எடம் மாறாமலா இருந்தோம்? வெள்ளைக்காரன் காலத்துலயே பஞ்சம் தாங்காம, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பின்னாடி சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்கள்ல எங்க ஜில்லாக்காரங்க எத்தனையோ பேரு. எங்க ஜில்லாவுல மண்டபம்ங்கற ஊர்ல கேம்ப் போட்டு நோய் இருக்கான்னு அடைச்சு வச்சுப் பாத்து அனுப்புனாங்க. போனவங்க காட்டை வெட்டித் தோட்டம் ஆக்குனாங்க, 1948-ல சிலோன் அரசு குடியுரிமை இல்லைன்னுருச்சு, 1964-ல இந்தியாவும் சிலோனும் ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கான பேரை ஆளுக்கு இத்தனைன்னு பங்கு பிரிச்சுக்கிட்டாங்க, திரும்பி வந்தவங்களும் மண்டபத்துலதான் வந்து எறங்குனாங்க. இன்னும் எங்க போகச் சொல்றீங்க?

அதே மண்டபம் கேம்ப்புக்கு 2022 மார்ச்சுல வந்தவங்களையும் யோசிச்சுப் பாருங்க. கைப்பிள்ளையோட இலங்கைலருந்து போட்ல வந்து தனுஷ்கோடி மணல் திட்டுல எறங்குனாங்களே, என்ன சொன்னாங்க? அரிசி வாங்க முடியல, பால் மாவு வாங்க முடியல. அங்க என்ன மழையா பெய்யல? 2021-ல ரசாயன உரத்துக்குத் திடீர்னு தடை போட்டாங்க, நெல் வெளச்சல் படுத்துருச்சு, கையில டாலர் இல்ல. மழை பெஞ்ச நாட்டுலயே ஆள்றவன் எடுத்த முடிவால பசி வந்துச்சு, வறண்ட நாட்டுல பசி வந்தா மட்டும் வானத்து மேல பழியா?

"நெல்லு ஏன் போடுறீங்க, சிறுதானியம் போடுங்க"ன்னு வருவீங்க, தெரியும். எங்க தாத்தா காலத்துல குதிரவாலியும் கம்பும்தான். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கு, ரேஷன்ல அரிசி இருக்கு, குதிரவாலிய நெல்லு மாதிரி அரசே எடைபோட்டு வாங்கிக்கிட்டா யாரு வேண்டாம்ங்கறா? 2023 முழுக்க சிறுதானிய ஆண்டுன்னு சொல்லி மீட்டிங்ல லட்டு குடுத்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. சீமைக்கருவேலம்தான் தண்ணிய உறிஞ்சுது, அதை வெட்டுனா எல்லாம் சரியாயிரும்ங்கறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

ஓசி அரிசி சோம்பேறி ஆக்குதாம். 2016-ல நாங்க சாகாம இருந்தோம்னா அந்த ஓசி அரிசியாலதான். தாது வருசப் பஞ்சத்துல, 1877-ல, நிவாரண வேலை செஞ்சவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னு டெம்பிள்னு ஒரு துரை குறைச்சான், அந்தக் காலத்துத் துரைமாரும் இதேதான் பேசுனாங்க, அதிகமாக் குடுத்தா பழகிருவாங்களாம். லட்சக்கணக்குல செத்தாங்க. கோட்டும் அதே கோட்டுதான்.

அந்த அரிசிய வாங்கறதும் லேசுன்னு நெனைக்காதீங்க. கருவமுள்ளு வெட்டி, கரி அள்ளி எங்கம்மாவுக்குக் கைரேகை தேஞ்சு போச்சு. மெஷின்ல வெரல் வச்சா ஏத்துக்காது. கண்ணைக் காட்டச் சொன்னாங்க, கண்ணுல பொறை. "நாளைக்கு வா ஆத்தா"ங்கறாங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்ல, இந்தச் சோம்பேறி?

உடனே "அரசு எதுவுமே செய்யலையா"ன்னு கெளம்பாதீங்க. காவிரித் தண்ணி குழாய்ல வருது, வர்ற அன்னைக்கு வருது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டுனாங்க, எங்க கம்மாய்க்கு அந்தத் தண்ணி இன்னும் வரல. வைகையில எங்களுக்குப் பன்னெண்டுல ஏழு பங்குன்னு கணக்கு, கடைமடை வரைக்கும் வந்து சேர்றது எவ்வளவுன்னு வாய்க்கால் ஓரத்துல நின்னு பாத்தாத் தெரியும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு சினிமாவுலயும் மெரட்டுறாங்க, ஆபீஸ்லயும் மெரட்டுறாங்க. அந்தக் காடு நாங்கதான். தண்டனைன்னு நெனச்சு எங்க ஊருக்கு வந்து எறங்குற மனுசன், வந்த அன்னைலருந்து திரும்பிப் போற ஆர்டருக்குத்தான் ஆள் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. எந்த ஊர்ல எத்தனை ஏக்கர் கருகுச்சுங்கற அறிக்கை அவர் டேபிள்லதான் கெடக்குது. 33 சதவீதமோ அதுக்கு மேலயோ பயிரு போச்சுன்னு அவர் வயல்ல எறங்கிப் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் அந்த மூணாயிரத்து நானூறே வரும். 32-ன்னு எழுதிட்டு ட்ரான்ஸ்ஃபர்ல போயிட்டாருன்னா, அதுவும் மழை மேலதான் பழியா?