கரகத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எடுக்காத ஊரில் ஓர் ஆற்று விழா

போன ஞாயிறு, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் ஆற்றோரமாக ஒரு குடும்ப விழா நடந்தது. (2007-லிருந்து ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா. எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான்.) அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வந்து ஆற்றைப் படிக்கிற விழா. மேடை இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை. அதற்கே நடத்தியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லது. ஒரு கன்வாஸை மேடும் பள்ளமுமாக விரித்து, மேலே குட்டி வீடு, ரோடு, தொழிற்சாலை எல்லாம் வைத்திருந்தார்கள். மண்ணுக்கு மைலோ தூள், தொழிற்சாலைக் கழிவுக்குச் சிவப்பு சிரப், வண்டி எண்ணெய்க்குக் கிச்சாப் (கறுப்பு சோயா சாஸ்). பிள்ளைகள் கையில் தண்ணீர் பீச்சும் பாட்டில். 'மழை பெய்யுங்க' என்றதும் ஆளாளுக்குப் பீச்சினார்கள். மேட்டில் தூவியதெல்லாம் வழிந்து ஒரே பள்ளத்தில் வந்து நின்றது. என் அக்கா மகன் அந்தக் குழம்பைப் பார்த்துவிட்டு, "மாமா, இதைத்தான் நாம குடிக்கிறோமா?" என்றான். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் சொல்லியும் மண்டையில் ஏறாதது, அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஃபிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாருவைத் தாண்டி வருகிற சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் சிலாங்கூரும் கோலாலம்பூரும் குடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் போகிறது. 2020 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? ராவாங் பக்கத்தில் சுங்கை கோங் என்ற சின்ன ஆற்றில் கழிவு கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் குழாய் வறண்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அந்தக் கன்வாஸின் அடிப்பள்ளத்தில் இருந்தவர்கள்தான்.

சரி, இனி என் மனக்குறை. அந்தக் கன்வாஸில் எல்லாம் இருந்தது, செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல், இந்த நாட்டிலேயே முதல்முறையாக, வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக எங்களுக்குச் சோறு போட்ட மரம் அது, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிள்ளைகளிடம் 'குப்பை போடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதிப் பாடம். செம்பனை ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவின் ஒரு லிட்டரைக் கிருமிகள் தின்று தீர்க்கச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு மிஞ்சாது. 1977-இல் விதிமுறை வந்து, படிப்படியாக இறுக்கி, 1984-இல் அந்த அளவை 100-க்குக் கொண்டு வந்தார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாக நாற்றமடிக்கும் குளங்களை ஏன் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பதில் இதுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆற்றுப் பாடம் எங்கே கிடைக்கும்? ஐந்து மீட்டர் அகலம்கூட இல்லாத ஓடைக்கும் இரண்டு கரையிலும் ஐந்து மீட்டர் சும்மா விட வேண்டும் என்று வடிகால் இலாகாவின் வழிகாட்டி சொல்கிறது. எங்கள் ஓடையில் செம்பனை மட்டை நேராகத் தண்ணீருக்குள்ளேயே விழுகிறது.

இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறுகிறோமே, அதுவும் கரை சம்பந்தப்பட்டதுதான். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரத்தில் மினுக்குவது வளர்ந்த பூச்சி. அதன் புழு கரையோர ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை விட்டுவிட்டுக் கரையைச் சுரண்டினால் மினுக்க ஆள் இருக்காது.

இதைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. விளக்கமெல்லாம் மலாயும் ஆங்கிலமும். தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருக்கிற எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்து கூடாரத்து ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி, நாற்பது வருஷம் இந்த ஓடையில் கால் கழுவியவர். வெள்ளைத் தட்டில் ஓடைச் சேற்றை அலசி ஊற்றியிருந்தார்கள். அதில் நூல் மாதிரிச் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. காற்று குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்க நம் ரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புச் சத்து அதற்கு உண்டு, அதனால்தான் அந்த நிறம் என்று விளக்கினார் விழா நடத்தியவர்களில் ஒரு தங்கச்சி. ஆக்சிஜன் அளக்கும் கருவியை ஓடையில் விட்டுப் பார்த்தார். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமைத் தாண்டவில்லை. ஐந்தாவது இருக்க வேண்டுமாம்.

நான் பாட்டியிடம் போய், "முன்ன இங்க என்ன மீன் பிடிப்பீங்க?" என்று கேட்டேன். விரலை மடக்கினார். செபாராவ், லாம்பாம், பாவுங். "இப்ப?" "இப்ப என்ன, கெலி, புயூ, ஹாருவான். அப்புறம் அந்தப் பண்டாராயா மீன், சனியன்." (தொட்டியைச் சுத்தம் செய்ய வளர்க்கிற, உறிஞ்சும் வாய் மீன்தான் அது.) அந்தத் தங்கச்சிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பாட்டி இரண்டாவதாகச் சொன்ன நான்குமே மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கிற மீன்கள். கருவி காட்டிய மூன்றைப் பாட்டி மீன் பேராலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கும் இப்படித்தான் ஆனது. நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே ஓடைக்கரையில்தான் கரகம் ஜோடிப்பார்கள். பூசாரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செம்பில் மொண்டு வருவார். ஒரு வருஷம் நாற்றம் தாங்காமல், வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை நீலப் பீப்பாயில் கொண்டுபோய்க் கரையில் வைத்தார்கள். அந்த வருஷத்தோடு போகும் என்று நினைத்தோம். இன்றைக்கும் பீப்பாய்தான். அன்றைக்கே ஊர் கூடி இந்த ஓடை கெட்டுவிட்டது என்று எழுதாமல் எழுதிக் கொடுத்துவிட்டது. நாம்தான் அதைச் சடங்கில் ஒரு சின்ன மாற்றம் என்று விட்டுவிட்டோம்.

அதனால் என் யோசனை இது. இந்த ஆற்று விழாவைத் தனியாக நடத்த வேண்டாம். திருவிழாவுக்குக் கரகம் ஜோடிக்கிற அன்று காலையில், அதே கரையில், அந்தக் கன்வாஸும் தட்டும் கருவியும் வரட்டும். தமிழில் நடக்கட்டும். முடிந்தால் ஆலையிலிருந்தும் ஓர் ஆள் வந்து தன் குளங்களைப் பற்றிப் பேசட்டும். மாலையில் கரகத்தோடு போகிற பூவும் பாலிதீனும் கற்பூர டப்பாவும் எங்கே போகின்றன என்று பிள்ளைகள் நம்மையும் கேட்கட்டும். அதுவும் நடந்தால்தான் நியாயம்.

'சாமி காரியத்தில் எதுக்குப் பூச்சி புழு' என்று இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிட்ட பரம்பரை நாம். ஆற்றைக் கும்பிடும் நாளில் ஆற்றைப் பார்ப்பது எப்படிச் சாமிக் குத்தமாகும் என்று எனக்குப் புரியவில்லை.

கோயில் தலைவரிடம் பேசினேன். யோசிப்போம் என்றார். பொருளாளர் கருவிக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டார், அதை நான் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்து அந்த மீன்களைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் பாட்டியையும் கேட்டாகிவிட்டது.

"வர்றேன்யா. ஆனா எனக்கு ஒரு நாற்காலி போட்டுடுங்க, முட்டி வலிக்குது."