இரவல் வண்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு 'கூல் ரன்னிங்ஸ்' படம் வந்தது டவுன் வீடியோ கடை கேசட்டாகத்தான். பனியே இல்லாத ஜமைக்காவிலிருந்து நாலு பேர், ஐஸ் பாதையில் சறுக்கி இறங்கும் பாப்ஸ்லெட் வண்டிப் போட்டிக்காகக் குளிர்கால ஒலிம்பிக் போகிற கதை. லயத்து வரிசை வீடுகளில் வீடியோ டெக் இருந்த ஒரே வீட்டில் பாய் விரித்து, பத்துப் பதினைந்து பேர் பார்த்தோம். அவர்களில் ஒருவன் சங்கா, குளிர் பழக ஐஸ்கிரீம் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டு வெளியே வருவான், சடைமுடி மொடுக்கென்று ஒடியும். அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ரீவைண்ட் செய்தோம். மறுநாளே, செம்பனைக் குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மூன்று பேர் உட்கார, நான் தள்ள, பின்மேட்டிலிருந்து நேரே சாக்கடையில் இறங்கினோம். அப்பாவிடம் வாங்கிய அடி தனிக்கதை.

போன வாரம் மகளோடு மறுபடி பார்த்தேன். பயிற்சியாளராக வரும் ஜான் கேண்டி சும்மா நின்றாலே இன்னும் சிரிப்பு வருகிறது. படம் 1993-இல் வந்தது, அடுத்த மார்ச்சிலேயே மனிதர் போய்விட்டார். சரி, ஒன்று மட்டும் இந்த வயதில் உறுத்தியது. படத்தில் போகிற இடமெல்லாம் ஜமைக்கா அணிக்கு அவமானம். கிழக்கு ஜெர்மனிக்காரன் வம்புக்கு வருகிறான், அதிகாரிகள் போட்டியை விட்டே விலக்கப் பார்க்கிறார்கள்.

நிஜத்தில் 1988 கல்கரி ஒலிம்பிக்கில் ஜமைக்காக்காரர்கள் போட்டியிட்டதே மற்ற நாட்டு அணிகள் கொடுத்த இரவல் வண்டியில்தான். (மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்தது 2018-இல். அவர்கள் நமக்கு 30 வருஷம் முந்தி!) வண்டி கவிழ்ந்தது உண்மை. ஆனால் படத்தில் காட்டுவதுபோல் அதைத் தோளில் தூக்கி வரவில்லை, வண்டியோடு நடந்து வந்தார்கள். தோளில் தூக்கியதை விட்டுவிடலாம், சினிமா. இரவலை மறைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. வில்லன் இல்லாமல் கதை நிற்காது என்று நினைத்துவிட்டார்கள். இரவல் கேட்கப் போகும் கூச்சத்திலேயே ஒரு முழுப்படம் இருக்கிறதே!

எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் மாவட்டப் பந்துப் போட்டிக்கு எங்கள் தோட்டப் பள்ளி அணி வெள்ளைச் சப்பாத்தோடு போய் நின்றது. காலையிலிருந்து மழை, திடல் முழுக்கச் சேறு. நிற்கவே முடியவில்லை. முதல் ஆட்டத்தை முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த டவுன் பள்ளிச் சீனப் பையன்களிடம் எங்கள் வாத்தியார் போய் ஏதோ பேசினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது இரண்டு சைஸ் பெரியது, உள்ளே இன்னும் சூடாக இருந்தது. முன்பக்கம் 'தமிழ் நேசன்' பேப்பரைக் கிழித்துத் திணித்துக்கொண்டேன். ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். யாராவது இதைப் படமாக எடுத்தால் அந்தப் பையன்கள்தான் வில்லன்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்: "திருப்பிக் கொடுத்தீங்களாப்பா?"

கொடுத்தோம். குழாயடியில் சேறு போகக் கழுவித்தான் கொடுத்தோம். பேப்பரை எடுக்கத்தான் மறந்துவிட்டேன்.