வெய்ஸ்ட் கோட் இல்லாதவனுக்கு ஆட்டமும் இல்லையாம்!

ஸ்நூக்கர் போட்டியில் வாக்கோவராம்! நல்லாக் கேட்டுக்கோங்க. எதிராளி ஒரு சிவப்புப் பந்தைக்கூட உள்ளே போடவில்லை, டாஸ்கூடப் போடவில்லை. எங்க அக்கா பையன் கோட்டுக்குள் மாட்டுகிற கையில்லாத வெய்ஸ்ட் கோட்டும், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரிக் கட்டுகிற போ டையும் இல்லாமல் வந்தான் என்று ஆட்டத்தை அடுத்தவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

டேபிளில் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடுகிற இந்த ஸ்நூக்கர் போட்டிக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புதுசு இல்லை. கோயமுத்தூரில் ஒரு கிளப், ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் ரவுண்டு. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிறவன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் புது ஷூ எடுத்து, கறுப்பு பேன்ட், வெள்ளை முழுக்கைச் சட்டை தேய்த்து வைத்து, விடியக் கருக்கலில் பஸ் ஏறி வந்திருக்கிறான். சட்டையை இன் பண்ணி, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிற்கிறான். பாயின்ட் குறிக்கிற மார்க்கர் சிவப்புப் பந்தை எல்லாம் அடுக்கி முக்கோணச் சட்டத்தை எடுத்தாயிற்று. அப்போது பார்த்து ஒரு பெரிய மனிதர் கையில் அட்டையோடு வந்தார்.

"தம்பி, வெய்ஸ்ட் கோட் எங்க?"

"இல்லீங்க சார்."

"போ டை?"

"இல்லீங்க சார்."

"அப்ப ஆட முடியாதுங்க தம்பி. அடுத்தது யாருப்பா?"

அடுத்தது யாருப்பாவா? நான் குறுக்கே போய், "ஏனுங்க சார், பேரு குடுக்கறப்ப யாரும் இதைச் சொல்லலீங்களே, ரசீதுலயும் 'டிரெஸ் கோடு உண்டு'ன்னு மட்டுந்தானுங்க போட்டிருக்குது" என்றேன். "டிரெஸ் கோடுன்னா இதுதானுங்க. இது ஜென்டில்மேன் கேம். ரோட்டுல கோலி ஆடறதுங்களா?" என்றார். பையன் முகம் செத்துப்போயிற்று. கடைசியில் பாவம் பார்க்கிறவர் மாதிரி, "அரை மணி நேரம் டைம் தர்றேன், போய்ப் போட்டுட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயமுத்தூரில் வெய்ஸ்ட் கோட்டுக்கு எங்கே போவது? ஒப்பணக்கார வீதியில் பாதி ஷட்டர் இன்னும் ஏறவே இல்லை. திறந்திருந்த கடையில், "மூணு பீஸும் செட்டாத்தானுங்க வரும், நடுவுல இருக்கறத மட்டும் உருவிக் குடுத்தா மீதிய நான் யாருக்குங்க விக்கறது?" என்றார் கடைக்காரர். அவர் கேட்டது நியாயம். கிராஸ்கட் ரோட்டில் இன்னொரு கடையில் இருந்தது, பையனுடைய ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் விலை. கல்யாண மாப்பிள்ளைக்கு வாடகைக்கு விடுகிற கடைக்கு ஓடினோம். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு, கரு மெரூனில் கழுத்தோரம் ஜரிகை ஓடிய ஒரு வெய்ஸ்ட் கோட்டைக் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் இரண்டு ஆள் போகிற அளவு தொளதொளப்பு. கடைப் பையனே ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்துவிட்டான். போ டை அங்கே இல்லை. ஸ்கூல் ஆண்டு விழா டிரெஸ் வைத்திருக்கிற கடையில் எல்கேஜி பிள்ளைக்குக் கட்டுகிற எலாஸ்டிக் போ ஒன்று கிடைத்தது. அது கழுத்தைச் சுற்றி வரவில்லை. பின்பக்கம் நூலைக் கட்டி இணைத்தேன். ஆட்டோவில் பறந்து வந்து, சொன்ன நேரத்துக்குள் அந்த ஆள் முன்னால் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"மெரூன் ஆகாதுங்க. கறுப்புதான்."

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் எழுத்து தாங்காது. எதிரே ஆட வேண்டிய பையன், அவனும் காலேஜ் படிக்கிற பொடியன்தான், அவனே முன்னால் வந்து, "சார், எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார், அந்த அண்ணா ஆடட்டுங்க" என்றான். எதிராளிக்கு இருக்கிற பெருந்தன்மை நடத்துகிறவருக்கு இல்லை. அட்டையில் கோடு இழுத்தார், வாக்கோவர் என்று எழுதினார், போய்விட்டார்.

சரி, இவ்வளவு பார்க்கிறவர்கள் டேபிளை எப்படி வைத்திருக்கிறார்கள்? கறுப்புப் பந்து வைக்கிற பிளாக் ஸ்பாட்டைச் சுற்றித் துணி தேய்ந்து அடியில் இருக்கிற கல் எட்டிப் பார்க்கிறது. பிரஷ் போட்டு எத்தனை நாள் ஆனதோ, கோல் நுனியில் தேய்க்கிற சாக் பொடி நீலமாகப் படிந்து, மெதுவாக அடித்த பந்து பாதி வழியில் பக்கவாட்டில் விலகிப் போகிறது. இடப்பக்க நடுப் பாக்கெட்டில் வலை கிழிந்து, விழுந்த பந்து தரையில் உருண்டு நாற்காலிக்கு அடியில் ஓடுகிறது. மேலே ஒரு லைட் எரியவில்லை, பிங்க் பந்து வைக்கிற பக்கம் நிழல். ஆட்டத்தைக் கெடுக்கிற இத்தனை குறையும் அவர் கண்ணில் படவில்லை, பையனுடைய கழுத்து மட்டும் பட்டது.

வெய்ஸ்ட் கோட்டுக்கு ஒரு காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. 12 அடி டேபிளில் எட்டிப் படுத்து அடிக்கும்போது சட்டை தொங்கிப் பந்தில் பட்டால் ஃபவுல், எதிராளிக்குக் குறைந்தது 4 பாயின்ட். துணி உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறுக்கி இன் பண்ணிய சட்டை அந்த வேலையைச் செய்யாதா? போ டை எந்தப் பந்தை எங்கே தடுக்கிறது?

பாரம்பரியமாம். யாருடைய பாரம்பரியம்? 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்கிற பட்டாள அதிகாரி ஆரம்பித்த ஆட்டம். 1882-ல் விதிகளை எழுதி மாட்டியது இதோ நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, ஊட்டி கிளப்பில். மலைக்குளிரில் வெள்ளைக்கார அதிகாரிகள் ராத்திரி விருந்துக்குப் போட்ட உடுப்போடு வந்து ஆடினார்கள். அந்தக் குளிருக்கு அது சரி. சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் மாடி அறையில் ஆடுகிற பையனுக்கு அது எதற்கு? ஆட்டம் பிறந்ததும் விதி பிறந்ததும் இந்த மண்ணில். உடுப்பு மட்டும் லண்டனில் இருந்து வர வேண்டுமாம்.

அந்த ஊர்க்காரனே தளர்த்திவிட்டான். ஷூட் அவுட் என்கிற வேக ஸ்நூக்கர் போட்டியில் புரொஃபஷனல்கள் காலர் டி-ஷர்ட்டில் ஆடுகிறார்கள். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஸ்டீஃபன் மகுவயருக்குக் கழுத்துக் கோளாறு என்று டாக்டர் சீட்டு இருக்கிறது, போ டை இல்லாமல் காலரைத் திறந்துவிட்டு ஆடுகிறார், இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் 1977-லிருந்து உலகப் போட்டி நடக்கிற குரூசிபிள் அரங்கு ஒன்றும் இடிந்துவிடவில்லை. அந்தக் காலர் டி-ஷர்ட்டை ஊர் ஊருக்கு அனுப்புகிறது திருப்பூர். அதை நாள் முழுக்க வெட்டுகிற பையனை அரை மணி நேரம் தெருத்தெருவாக ஓடவிட்டது பக்கத்து ஊர் கிளப்.

2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்து கிளப்பில் வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: வேட்டிக்காக வாசலில் மறித்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் போகும். வாசல் திறந்தது. டேபிளுக்குப் பக்கத்தில் அதே புத்தி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒழுக்கம் வேண்டும் என்றால் தெளிவாக எழுதுங்கள். காலர் சட்டை, இன் பண்ணியிருக்க வேண்டும், கறுப்பு பேன்ட், ஷூ. முடிந்தது. அதற்கு மேல் வெய்ஸ்ட் கோட்டுத்தான் வேண்டும் என்றால் கிளப் பீரோவில் நாலு சைஸில் வாங்கி மாட்டி வையுங்கள், ஆடுகிறவன் போட்டுக்கொண்டு ஆடிவிட்டுக் கழற்றி வைப்பான். வாங்குகிற என்ட்ரி ஃபீஸுக்கு அதுகூடச் செய்யக் கூடாதா? வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டும் ஆடினால் போதும் என்று நினைத்தால் அதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள், நாங்கள் பஸ் காசாவது மிச்சம் பிடிப்போம்.

பையன் விடவில்லை. "அடுத்த டோர்னமென்ட்டுக்குக் கறுப்புலயே தச்சுருவோம் மாமா" என்கிறான். கூட்டிக்கொண்டு டெய்லரிடம் போனால், "முகூர்த்த மாசமுங்க, மாப்பிள்ளை கோட்டே மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது, ஆவணி தாண்டி வாங்க" என்கிறார். இது தனிக் கொடுமை. எப்போதிருந்து நம் ஊர் மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு வந்தது? ஏசி ஓடாத மண்டபத்தில், ஆயிரம் பேர் நடுவில், மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளை வேர்த்து ஊற்றி நிற்கிறான். போன வாரம் ஒரு ரிசப்ஷனில் பெண்ணுடைய அப்பிச்சி வெள்ளை வேட்டி, துண்டோடு மேடை ஏறினார். "தாத்தா, தீம் மேட்ச் ஆகல, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்கிறான் போட்டோக்காரன். கல்யாணச் செலவில் பாதி அவருடையது!